காருக்குள் தண்ணீர்: பூசுவதற்கு முன் தேடுங்கள்

மாரி தொடங்கி இரண்டு மழை பெய்தால் வடக்கில் உள்ள கராஜ்களில் கேட்கும் முறைப்பாடு இது: “காருக்குள்ள தண்ணி நிக்குது அண்ணை, எங்கால வருதெண்டு தெரியேல்லை.” பலருக்குக் கிடைக்கும் வைத்தியம், முன்கண்ணாடியைச் சுற்றிச் சிலிக்கன் பூசுவது. அடுத்த மழைக்கும் அதே தண்ணீர்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. ஆனாலும் வரியோடு சேர்ந்த விலை சாதாரண குடும்பத்துக்கு எட்டாது. போர்க்காலத்தில் மண்ணெண்ணெயில் ஓட்டிய மொறிஸ் மைனர்களைப் போல, இருக்கிற வண்டியைத்தான் காப்பாற்ற வேண்டும். லீசிங் கட்டி முடியாத ஹயர் வண்டி என்றால் ஒரு கிழமை ஓடாமல் நிற்பதே பெரிய அடி.

முதலில் என்ன தண்ணீர் என்று பாருங்கள். மழையில்லாத நாளில் ஏசி போட்டு ஓடியபின் முன் இடப்பக்கக் கால் வைக்கும் இடம் நனைந்திருந்தால், ஏசித் தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கலாம். ஏசி ஓடும்போது காரின் அடியில் நீர் சொட்ட வேண்டும். சொட்டவில்லையென்றால் சந்தேகம் வலுக்கிறது. நீர் பிசுபிசுத்து, நிறத்தோடு, இனிப்பு மணம் வீசினால் அது ஹீட்டரிலிருந்து கசியும் கூலன்ட். அதை ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள், எஞ்சின் சூடேறிவிடும்.

மழைக்கு மட்டும் நனைகிறதா? நாங்கள் காரை நிறுத்துவது பெரும்பாலும் வேம்பு, மா நிழலில். வைப்பர் பொருத்திய பிளாஸ்ரிக் மூடியின் அடியில் ஒரு வாய்க்கால் இருக்கிறது. சருகும் பூவும் அதில் மக்கி அடைத்தால் நீர் நிரம்பி, காற்று உள்ளே வரும் வழியால் இறங்கும். கையால் அள்ளிவிட்டாலே போதும், செலவில்லை.

அடுத்தது கதவு. கதவுக்குள் மழைநீர் போவது இயல்பு. அடியிலுள்ள துளைகளால் அது வெளியேற வேண்டும். உட்பலகைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்ரிக் தாள் ஒட்டியிருக்கும். கண்ணாடி மோட்டரோ ஸ்பீக்கரோ மாற்றியவர் அதைக் கிழித்துவிட்டுப் போயிருந்தால் நீர் காபெற்றுக்குத்தான் வரும். டிக்கியில் நீர் நின்றால் பின்விளக்குகளின் ரப்பரைப் பாருங்கள்.

சோதனைக்கு இரண்டு பேர் வேண்டும். காபெற்றைத் தூக்கி, தகரத்தைத் துடைத்து, முகப்பவுடர் தூவுங்கள். ஒருவர் ரோச் லைற்றோடு உள்ளே. மற்றவர் ஹோஸால் மெதுவாக, கீழிருந்து மேலே, ஓரிடத்தில் ஐந்து நிமிடமாவது நீர் விடட்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லாம் நனைந்து இடம் பிடிபடாது. பவுடரில் கோடு விழும் வழியே நீரின் வழி. வினாகிரி மணக்கும் மலிவான சிலிக்கனை மட்டும் தகரத்தில் பூசாதீர்கள், கறள் பிடிக்கும்.

ஹைபிரிட் வைத்திருப்போர் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். வேகன் ஆர் ஹைபிரிட்டில் ஒரு பற்றரி முன் இடப்பக்க இருக்கையின் கீழ், அதாவது ஏசித் தண்ணீர் தேங்கும் பக்கத்திலேயே இருக்கிறது. அக்வாவில் பின் இருக்கையின் கீழ். செம்மஞ்சள் நிற வயர்களை நீங்களாகத் தொட வேண்டாம்.

வழியை அடைத்த பிறகும் காபெற்றின் அடியிலுள்ள பஞ்சு வாரக்கணக்கில் ஈரம் பிடித்திருக்கும். மேலே தொட்டால் காய்ந்ததுபோல் தெரியும். கழற்றி வெளியே எடுத்து, இரண்டு மூன்று நல்ல வெயில் கண்ட பிறகே திரும்பப் போடுங்கள்.