போலந்தின் முடிசூடா மன்னர்

பகைவனுடைய அரசவையில் பணிபுரிந்துகொண்டே ஒருவன் தன் தாய்நாட்டுக்குத் தொண்டு செய்ய இயலுமா? போலந்து நாட்டுப் பிரபு ஆடம் சார்டொரிஸ்கியின் வாழ்க்கை முழுவதும் இவ்வினாவைச் சுற்றியே அமைந்தது எனலாம்.

அவர் 1770இல் வார்ஸா நகரில், செல்வமும் செல்வாக்கும் மிக்க குடும்பத்தில் பிறந்தார். அக்காலத்தில் ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய மூன்று வல்லரசுகளும் போலந்தை 1772, 1793, 1795 ஆகிய ஆண்டுகளில் கூறுபோட்டுக்கொண்டன. மூன்றாம் பங்கீட்டோடு அந்நாடு உலகப் படத்திலிருந்தே மறைந்தது. ரஷ்யப் பேரரசி காதரைன், சார்டொரிஸ்கி குடும்பத்தாரின் நிலங்களைப் பறிமுதல் செய்தார். அவற்றை மீட்பதற்காக, ஆடமும் அவருடைய தம்பியும் பிணைபோல ரஷ்யத் தலைநகருக்கு அனுப்பப்பட்டனர்.

அங்கே எதிர்பாராத நட்பொன்று மலர்ந்தது. பேரரசியின் பேரரான அலெக்சாண்டர், விடுதலைக் கருத்துக்களில் நாட்டம் கொண்ட இளைஞர். 1801இல் அரியணை ஏறிய அவர், 1804இல் தம் நண்பரையே வெளிநாட்டு அமைச்சராக்கினார். நாடிழந்த ஒருவர், நாட்டைப் பறித்த பேரரசின் அயல்நாட்டுக் கொள்கையை வகுக்கும் விந்தை நிகழ்ந்தது. அலெக்சாண்டரின் முடியின் கீழேனும் போலந்து மீண்டும் ஒன்றுபட வேண்டும் என்பதே அவர் நோக்கம். அது கைகூடவில்லை, 1806இல் பதவி நீங்கினார்.

எனினும் மற்றொரு பணி நற்பயன் தந்தது. 1803 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வில்னா வட்டாரக் கல்வியின் மேற்பார்வை அவரிடம் இருந்தது. அங்குள்ள பல்கலைக்கழகமும் பள்ளிகளும் போலிஷ் மொழிக்கும் இலக்கியத்துக்கும் புகலிடமாயின. மகாகவி ஆடம் மிட்ஸ்கியேவிச் அப்பல்கலைக்கழகத்தில் பயின்றவரே.

1815இல் வியன்னா மாநாட்டின் விளைவாக, அலெக்சாண்டரையே மன்னராகக் கொண்ட சிறிய போலந்து அரசு தோன்றியது. அதன் அரசியல் சட்டத்தை உருவாக்குவதில் சார்டொரிஸ்கி பெரும்பங்கு கொண்டார். ஆயினும் சட்டம் ஏட்டளவில் நின்றது. உரிமைகள் ஒவ்வொன்றாகப் பறிபோயின. 1830 நவம்பரில் புரட்சி வெடித்தது. ஆயுதப் போரில் அவருக்கு நம்பிக்கை குறைவு. ஆனால் மக்கள் எழுந்த பின் ஒதுங்கி நிற்க அவர் மனம் ஒப்பவில்லை. 1831இல் தேசிய அரசாங்கத்தின் தலைமையை ஏற்றார். அவ்வாண்டிலேயே புரட்சி ஒடுக்கப்பட்டது. அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. உடைமைகள் மீண்டும் பறிக்கப்பட்டன.

அறுபது வயதைக் கடந்த அவர் பாரிஸில் புது வாழ்வு தொடங்கினார். 1843இல் அவர் வாங்கிய லாம்பேர் மாளிகை, நாடுகடந்த போலிஷ் மக்களின் அரசவை போலவே விளங்கியது. ஐரோப்பியத் தலைநகரங்களில் அவருடைய தூதர்கள் போலந்துக்காக வாதாடினர். 1838இல் பாரிஸில் அமைந்த போலிஷ் நூலகம் இன்றும் நிலவுகிறது. துருக்கியில், இஸ்தான்புல் அருகே 1842இல் அவர் முயற்சியால் தோன்றிய குடியிருப்பு அவர் பெயராலேயே ஆடம்போல் எனப்பட்டது. ஆதரவாளர்கள் அவரை முடிசூடா மன்னர் என்றே போற்றினர்.

1861இல், தம் தொண்ணூற்றோராம் வயதில், பிரெஞ்சு மண்ணில் அவர் மறைந்தார். போலந்து விடுதலை பெற்றது 1918இல்தான். அவர் வகுத்த அரசியல் திட்டங்களுள் பெரும்பாலானவை தோல்வியுற்றன. ஆனால் அவர் பேணிய கல்வியும் நூல்களும் மொழியும், நாடில்லாத காலத்திலும் ஒரு மக்களினத்தைச் சிதையாமல் காத்து நின்றன.