புள்ளி வெளிச்சத்தில் மேகம் பார்ப்போமா?



லேத் சக்கில் சாக்பீஸால் கோடு போட்டு, அது எத்தனை தடவை வருகிறது என்று எண்ணினால் சுற்றும் வேகம் தெரிந்துவிடும். இதே வித்தையில்தான் பழுப்புக் குள்ளன்களின் மேகத்தைப் பிடிக்கிறார்கள் என்று படித்தபோது எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

அதென்ன பழுப்புக் குள்ளன்? வியாழனைப்போல் ஏறத்தாழ 13 முதல் 80 மடங்கு வரை நிறை இருந்தும், சூரியனைப்போல் ஹைட்ரஜனை எரித்துக்கொண்டே இருக்கத் திராணி இல்லாத பிறவி. பிறந்த சூடு ஆறிக்கொண்டே கிடக்கும்.

2013-ல் கண்டுபிடித்த லூமன் 16 என்ற ஜோடி, சுமார் 6.5 ஒளியாண்டு தூரத்தில் உள்ளது. டெலஸ்கோப்பில் ஒவ்வொன்றும் வெறும் புள்ளிதான். அதில் ஒன்று சுமார் 5 மணி நேரத்தில் ஒரு சுற்று சுற்றுகிறது. கனத்த மேகத்திட்டு நம் பக்கம் திரும்பினால் அகச்சிவப்பு வெளிச்சம் மங்கும். மேகம் விலகினால் உள்சூடு தெரிந்து பிரகாசிக்கும்.

"அது நிலையான கறையா இருந்தா?" என்று கேட்பீர்கள். கறை என்றால் சாக்பீஸ் கோடு மாதிரி ஒவ்வொரு சுற்றிலும் அதே கிராப் வரணும். இங்கே கிராப் சுற்றுக்குச் சுற்று உருமாறுகிறது. மேகம் கூடுது, கலையுது! தண்ணீர் மேகமல்ல, மணலுக்கு உறவான சிலிக்கேட் துகளும் இரும்புத் துளியும்!

லேபில் ரீடிங் ஏறி இறங்கினால் ரப்பரால் அழித்துவிட்டு சீனியர் ரெக்கார்டைப் பார்த்து எழுதியவன் நான். அந்த ஏற்ற இறக்கத்தில்தான் விஷயமே இருக்குன்னு இப்பத்தான் புரியுது. இனி அழிக்க மாட்டேன். நீங்க?