உங்களுக்குத் தெரியுமா? — ஆமுண்ட்சென் என்னும் ஒரு நாமம்

நார்வே தேசத்தில் 1872-இல் பிறந்து, 1911 டிசம்பர் 14 அன்று, மனிதப் பாதம் அதுவரை படாத தென்துருவத்தை நான்கு தோழர்களுடன் முதன்முதலில் அடைந்த ருவால் ஆமுண்ட்செனின் குடும்பப்பெயர், இன்று அண்டார்டிகாவை ஒட்டிய ஒரு கடலுக்கும், 'யோவா' என்ற சின்னஞ்சிறு கப்பலில் அவர் கடந்து சென்ற கனடாவின் வடகோடி வளைகுடா ஒன்றுக்கும், சந்திரனின் தென்துருவத்தருகே உள்ள ஒரு பெரும்பள்ளத்துக்கும் உரியதாய் வழங்குகிறது. தென்துருவத்தில் அமெரிக்கர் நிறுவிய ஆராய்ச்சி நிலையமோ, அவருடைய பெயரோடு, 34 நாட்கள் பிந்தி அங்கே வந்து, திரும்பும் வழியில் உயிர்நீத்த ஸ்காட்டின் பெயரையும் இணைத்தே தாங்கி நிற்பது எவ்வளவு உசிதமான காரியம்!

கனடாவின் 50 டாலர் பாலிமர் நோட்டைத் திருப்பிப் பார்த்தால், அதில் சித்திரமாய் விளங்கும், பனிக்கட்டியை உடைத்துச் செல்லும் ஆராய்ச்சிக் கப்பலின் பெயரும் ஆமுண்ட்சென்தான். அருகே இனுயிட் மக்களின் லிபியில் வடதுருவப் பிரதேசத்தின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது.

இத்தனை இடங்களில் நிலைத்துவிட்ட அப்பெயருக்குரியவர், முன்பு தம்மோடு மனஸ்தாபம் கொண்டிருந்த இத்தாலியர் நோபிலே பனிவெளியில் விபத்துக்குள்ளானார் என்று கேள்வியுற்ற மாத்திரத்தில், பகைமையை மறந்து, 1928 ஜூன் மாதம் அவரைத் தேடி விமானமேறினார். நோபிலே பிழைத்தார், ஆமுண்ட்சென் சென்ற விமானத்தின் மிதவையொன்று கடலில் அகப்பட்டதேயன்றி, அவருடைய சரீரம் கிடைக்கவேயில்லை.