மீன் வாடையும் மின்சார வாடையும்

வீட்டுக் கூடத்தில் கண்ணாடித் தொட்டி வைத்து வண்ணமீன் வளர்க்கும் நண்பர் ஒருவர், சில நாட்களாக வீட்டில் கவிச்சை வீசுகிறதே என்று தொட்டி நீரை இரு முறை மாற்றி, ஃபில்டரின் பஞ்சைக் கழுவி, செத்த மீன் ஏதும் கூழாங்கற்களுக்கிடையே கிடக்கிறதோ என்று துழாவியும் பார்த்து, ஒன்றும் பயன்படாமற்போகவே சலிப்புடன் மேல்மூடியைக் கழற்றி ஆராய்ந்தபோதுதான், விளக்கிற்குச் செல்லும் ஒயரின் இணைப்பு ஒன்று பழுப்பேறி உருகத் தொடங்கியிருப்பதைக் கண்டார். மீன்கள் நிரபராதிகள். மின்சாதனங்களில் பயன்படும் சிலவகைப் பிசின்களும் பிளாஸ்டிக்குகளும் அளவு மீறிச் சூடேறும்போது மீன் வாடையை ஒத்த துர்நாற்றம் எழுவதுண்டு. வேறெந்த வீட்டிலும் மூக்கைச் சுளிக்கவைத்து எச்சரித்துவிடும் அந்த நாற்றம், மீன்தொட்டி உள்ள வீட்டில் மட்டும் யாருடைய சந்தேகத்துக்கும் இலக்காகாமல் ஒளிந்துகொள்கிறது.

மின்சாரம் தடையினூடே சென்றால் அங்கே உஷ்ணம் பிறக்கும் என்பதையும், அவ்வுஷ்ணம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்துப் பெருகும் என்பதையும் 1840-களின் தொடக்கத்தில் ஆங்கில விஞ்ஞானி ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல் பரீட்சை செய்து நிலைநாட்டினார். ஓட்டம் இரு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும் என்னும் அந்த விதியே நம் மீன்தொட்டியின் மூடிக்குள்ளும் ஆட்சி செய்கிறது. இன்று பலர் வீட்டில் உள்ள எல்.இ.டி. பட்டை விளக்குகள், சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை அடாப்டர் 12 வோல்ட்டாகக் குறைத்துத் தர, அதைக்கொண்டு எரிபவை. 12 வோல்ட் ஆளைத் தாக்காது என்பது பெரும்பாலும் மெய்தான்; ஆனால் தாக்காதது சுடவும் சுடாது என்று முடிவு கட்டுவதில்தான் பிழை தொடங்குகிறது. 48 வாட் விளக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அடாப்டருக்கு முன்னால், 230 வோல்ட் பக்கத்தில், ஓடுவது ஏறத்தாழ 0.2 ஆம்பியர், அடாப்டரைக் கடந்ததும் அதுவே 4 ஆம்பியராகிறது. கால் ஓம் தடையுள்ள தளர்ந்த இணைப்பு முன்பக்கத்தில் இருந்தால் அங்கே பிறக்கும் சூடு ஒரு வாட்டில் நூற்றில் ஒரு பங்கு. பின்பக்கத்தில் இருந்தாலோ 4 வாட். அது அற்பமெனத் தோன்றலாம். ஆனால் 25 வாட் சால்டரிங் அயர்ன் ஈயத்தையே உருக்கிவிடுகிறது என்பதையும், இந்த 4 வாட் முழுவதும் ஒரு பட்டாணி அளவுள்ள இடத்தில், காற்றோட்டமின்றி, நாளொன்றுக்கு எட்டு மணி, பத்து மணி நேரம் தேங்கி நிற்கிறது என்பதையும் நினைத்தால் அலட்சியம் தோன்றாது.

இணைப்புகள் கெடுவதற்கு மீன்தொட்டியின் மேல்பகுதியைவிடத் தோதான இடம் வீட்டில் வேறில்லை. இளஞ்சூடான நீரிலிருந்து ஓயாது எழும் ஆவி மூடியின் அடிப்புறத்தில் துளிகளாகப் படிந்து, ஒயரின் செம்பையும் ஹோல்டரின் பித்தளை நாக்கையும் களிம்பேறச் செய்கிறது. களிம்பு தடையைக் கூட்ட, தடை சூட்டைக் கூட்ட, சூடு மேலும் களிம்பை விளைவிக்க, ஒன்றை ஒன்று வளர்த்துக்கொண்டே போகும். கடல்மீன் தொட்டியில் இது இன்னும் துரிதம். லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு கொண்ட நீர் தெறித்து உலர்ந்தபின் எஞ்சும் உப்புப் படலம், ஈரம் பட்டதும் தானே மின்சாரத்துக்கு வழிவிட்டு, பிளாஸ்டிக்கைக் கரியாக்கிவிடும். சாதாரண ஒயரின் பி.வி.சி. உறையோ 70 டிகிரி செல்சியஸ் வரை தாங்குவதற்கென்றே செய்யப்பட்டது. மிச்ச ஒயரைச் சுருட்டிக் கட்டி மூடிக்குள் திணித்தால், வெளியேற வழியில்லாத சூடு அந்தச் சுருளுக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கும்.

"வீட்டில் எம்.சி.பி. இருக்கிறதே, பார்த்துக்கொள்ளாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. அது ஓட்டம் வரம்பு மீறினால் விழுவது. தளர்ந்த இணைப்பிலோ ஓட்டம் கூடுவதில்லை, சற்றுக் குறையவே செய்யும். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டித்து உயிரைக் காக்கும் ஆர்.சி.சி.பி., மீன்தொட்டி உள்ள வீட்டில் அவசியம் இருக்கவேண்டிய சாதனம்; ஆயினும் கசிவில்லாத வெறும் சூடு அதன் கண்ணிலும் படாது. ஆகவே இவ்விஷயத்தில் காவல் நம் கையும் மூக்குமே.

விளக்கை இரண்டு மணி நேரம் எரியவிட்டு, சுவிட்சை அணைத்ததோடு நில்லாமல் பிளக்கையும் உருவிவிட்டு, உலர்ந்த கையால் ஒயரை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை உடனே தடவிப் பார்க்க வேண்டும். ஒயர் முழுதும் ஒரே சீராகச் சூடாயிருந்தால் அது பாரத்துக்கு ஏற்ற கனமுடையதன்று. ஓரிடத்தில் மட்டும் சுட்டால் அங்குள்ள இணைப்பே குற்றவாளி. அடாப்டர் வெதுவெதுப்பாக இருப்பது இயல்பு; கை வைக்கமுடியாதபடி கொதித்தால், அது சக்திக்கு மீறிச் சுமக்கிறது அல்லது காற்றில்லாமல் தவிக்கிறது.

நிவாரணம் எளிது, குறுக்கு வழிதான் ஆபத்து. பழுப்பேறிய இடத்தின்மேல் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றுவது, புண்ணை ஆற்றாமல் துணியால் மூடுவதை ஒக்கும். கறுத்த செம்பு முழுதையும் வெட்டி எறிந்து, பளபளக்கும் செம்பு தெரியும்வரை சென்று, புது இணைப்பான் பூட்டித் திருகை இறுக்க வேண்டும். பற்றவைத்த முனையைத் திருகுக்கடியில் வைக்கலாகாது, ஏனெனில் ஈயம் அழுத்தத்தில் மெல்ல நெகிழ்ந்து பிடியைத் தளர்த்திவிடும். 48 வாட் விளக்குக்கு 60 வாட் அடாப்டர் வைத்து, அதையும் இணைப்புகளையும் நீருக்கு மேலன்றி விலகிய இடத்தில் அமைத்து, பிளக்குக்குச் செல்லும் ஒயரைச் சாக்கெட்டுக்குக் கீழே சற்றுத் தொங்கவிட்டு மேலேற்றினால், ஒயர் வழியே இறங்கும் நீர்த்துளி அந்தத் தாழ்விலேயே சொட்டிவிடும். 230 வோல்ட் பக்கத்தில் பழுதென்றால் எலக்ட்ரீஷியனை அழைப்பதே விவேகம். புகையே கிளம்பிவிட்டால் மெயினை அணைக்க வேண்டும். தண்ணீர் பக்கத்திலேயே இருக்கிறதென்று அள்ளி ஊற்றிவிடக் கூடாது.

தொட்டி நீரை மாற்றும் நாளில் எப்படியும் பிளக்கை உருவத்தான் போகிறோம். ஒயரைத் தடவிப் பார்க்க அதனுடன் இரண்டு நிமிஷம் கூடுதலாகச் செலவிட்டாற் போதும். இப்போதெல்லாம் கூடத்தில் கவிச்சை வீசினால் என் நண்பர் முதலில் பிளக்கைத்தான் உருவுகிறார். மீன்களை விசாரிப்பது அதற்கப்புறந்தான்.