இரண்டு நிமிட நூடுல்ஸும் ஒரு துண்டு உப்புக்கண்டமும்

பன்றியின் வயிற்றுப்பகுதி இறைச்சியை உப்பில் பதப்படுத்தி, பெரும்பாலும் புகையேற்றி, மெல்லிய பட்டைகளாக அரிந்தெடுப்பதே பேக்கன். உடனடி நூடுல்ஸின் சுவையைக் கூட்ட அதை முறுகப் பொரித்துத் தூவுவோர் பிற நாடுகளில் உண்டு. போடிநாயக்கனூரை ஒட்டிய ஏலமலைப் பகுதியில் அந்தப் பணிக்கு மிகவும் பொருந்துவது, தமிழ்ச் சமையலுக்கு நெடுங்காலமாகப் பழக்கமான உப்புக்கண்டம்தான். கண்டம் என்றால் துண்டு. ஆட்டிறைச்சியை நீளவாக்கில் அரிந்து, உப்பு, மஞ்சள், மிளகாய் தடவி, நூலில் சரமாகக் கோத்துக் கொடியில் உலர்த்தி எடுப்பார்கள்.

இறைச்சியை உலர்த்தும் முறையை இம்மலையே இரண்டாகப் பிரித்திருக்கிறது எனலாம். தென்மேற்குப் பருவமழையை மலைத்தொடர் தடுத்துவிடுவதால், கிழக்கே அடிவாரத்திலுள்ள போடி மழைமறைவுப் பகுதியாகி, உப்புக்கண்டம் காய்வதற்கு வேண்டிய வெயிலையும் வறண்ட காற்றையும் பெறுகிறது. பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டுக்கு மேலே சென்றால் மழையும் மூடுபனியும் மிகுதி என்பதால், இடுக்கி மலைக் குடும்பங்கள் இறைச்சியை அடுப்புக்கு மேலே தொங்கவிட்டு, வெப்பத்திலும் புகையிலும் உலர்த்தி, இடித்து வதக்குகின்றன. இடியிறைச்சி எனப்படும் இது, புகைமணத்தால் பேக்கனுக்கு இன்னும் நெருக்கமானது. பறித்த ஏலக்காயின் ஈரத்தையும் அங்குள்ள ஸ்டோர்களில், அதாவது உலர்த்தும் கூடங்களில், சூடேற்றித்தான் நீக்குகிறார்கள். நூடுல்ஸும் உலர்த்தப்பட்ட பண்டமே. 1958இல் ஜப்பானில் மொமொஃபுகு ஆண்டோ உருவாக்கிய முறையில், வேகவைத்த மாவிழையை எண்ணெயில் பொரிக்கும்போது நீர் ஆவியாகி நுண்துளைகள் உண்டாகின்றன. பின்னர் கொதிநீர் அத்துளைகளில் விரைந்து புகுவதால்தான் சில நிமிடங்களில் அது மென்மையாகிவிடுகிறது.

சிறு துண்டு இறைச்சி ஒரு கிண்ண நூடுல்ஸின் சுவையையே மாற்றிவிடுவதற்கு வேதியியல் காரணம் உண்டு. இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு ஆகியவற்றுக்கு அப்பால் நாக்கு உணரும் ஊன்சுவைக்கு உமாமி என்று பெயரிட்ட கிகுனாயே இக்கேடா, அதைத் தரும் குளூட்டமேட்டைக் கடற்பாசியிலிருந்து 1908இல் பிரித்தெடுத்தார். உலர்மீனில் உள்ள இனோசினேட்டும் அதே சுவையைத் தருவதை 1913இல் ஷின்டாரோ கொடாமா கண்டறிந்தார். இவ்விரண்டும் சேரும்போது சுவை வெறுமனே கூடாமல் பன்மடங்காகப் பெருகுகிறது. நூடுல்ஸ் மசாலாப் பொட்டலங்களில் குளூட்டமேட் ஏதேனும் ஒரு வடிவில் இருப்பது வழக்கம். இறைச்சியிலோ, விலங்கு இறந்தபின் தசையின் ஆற்றல் மூலக்கூறுகள் சிதைவதால் இனோசினேட் உருவாகியிருக்கும். இறைச்சி பொரிந்து பழுப்பேறும்போது, அதன் புரதக் கூறுகளும் சர்க்கரைகளும் வினைபுரிந்து புதிய மணங்களையும் எழுப்புகின்றன. 1912இல் இவ்வினையை விளக்கிய பிரெஞ்சு அறிஞர் மெய்யாரின் பெயரிலேயே அது வழங்குகிறது.

ஆயினும் பேக்கனைப் பொரிப்பதுபோல் உப்புக்கண்டத்தைப் பொரிக்க இயலாது. பேக்கன் தன் கொழுப்பு உருகி அதிலேயே முறுகும்; உப்புக்கண்டத்தில் கொழுப்பு குறைவாதலால் அதற்குக் கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ வேண்டும். துண்டுகளைக் கழுவிச் சற்று நேரம் நீரில் ஊறவைத்து, நன்றாகத் தட்டி நாராக்கி, சிறு தீயில் பொரித்தெடுத்தபின், மணமேறிய அதே எண்ணெயில் சின்ன வெங்காயத்தையும் பச்சை மிளகாயையும் வதக்கி நீர் ஊற்றுவது நலம், ஏனெனில் இறைச்சியின் மணப்பொருள்கள் பல கொழுப்பில்தான் கரைகின்றன. இறைச்சியிலும் மசாலாவிலும் உப்பு மிகுதியாக இருப்பதால் பொட்டலத்தில் பாதியே போதும். உப்பிட்டும் புகையூட்டியும் பதப்படுத்திய இறைச்சியை, புற்றுநோய்க்குக் காரணமாகும் பொருள்களின் பட்டியலில் உலக சுகாதார அமைப்பின் ஆய்வு முகமை 2015இல் சேர்த்திருப்பதால், இதை அன்றாட உணவாக்குவது தகாது. குழம்புக்கு மணமூட்ட இரண்டொரு துண்டுகளை மட்டுமே போட்ட பழைய அளவு நூடுல்ஸுக்கும் ஏற்றது. பொரித்த நாரைக் கடைசியில், அடுப்பை அணைத்தபின் தூவினால் முறுகல் குலையாமல் இருக்கும்.