பிடித்துக்கொண்ட சக்கரக் குடம்

மாட்டு வண்டியின் சக்கரத்தைக் கூர்ந்து பார்த்திருக்கிறீர்களா? ஆரக்கால்கள் யாவும் வந்து பொருந்துகின்ற நடுக்கட்டைக்குக் குடம் என்று பெயர். அதன் துளையில் அச்சு நுழைந்திருக்கும். சக்கரம் கழன்று ஓடாமல் கடையாணி காக்கும். கடையாணியைப் பிடுங்கிவிட்டுச் சற்றே ஆட்டி இழுத்தால் குடம் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். மோட்டார்க் காருக்கும் இத்தகைய குடம் உண்டு. பட்டறைக்காரர்கள் அதனை 'ஹப்' என்பர். அதுவோ அவ்வளவு எளிதில் வருவதில்லை. ஏன் வருவதில்லை, வர மறுப்பதை எவ்வாறு வரவழைப்பது என்பதையே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

நான் மெக்கானிக் அல்லேன். பள்ளியில் பௌதிகம் கற்பித்து, தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன். ஓசூரை ஒட்டிய மூக்கண்டப்பள்ளியில் வசிக்கிறேன். 1970களில் இப்பக்கம் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தது. எங்கள் தெருவில் ஸ்பானர் இல்லாத வீடு அபூர்வம். அடுத்த வீட்டுக்காரர் வாடகைக் கார் ஓட்டுபவர். அவர் மகன் பாலிடெக்னிக் மாணவன். சென்ற மழைக்காலத்தில் அவர்கள் காரின் முன் சக்கரம் ஒன்று ஓடும்போது ஊளையிடத் தொடங்கிற்று. பேரிங் தேய்ந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். திங்கட்கிழமை விடியற்காலையில் ஒரு முதியவரைப் பெங்களூரில் மருத்துவரிடம் அழைத்துச் செல்வதாகத் தந்தை வாக்களித்திருந்தார். ஆகவே வெள்ளிக்கிழமை மாலையே மகன் வேலையில் இறங்கினான்.

சம்மட்டியின் ஓசை கேட்டு நான் வெளியே வந்தேன். மழையில் ஊறிய மண் தரையில் ஜாக்கியை வைத்து வண்டியைத் தூக்கியிருந்தான். வேறு முட்டு எதுவுமில்லை. சக்கரத்தைக் கழற்றிவிட்டு, குடத்தின் பின்புறத்தை ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டிருந்தான். "தம்பி, நிறுத்து!" என்று நான் கூவி முடிப்பதற்குள் ஜாக்கி சாய்ந்தது. வண்டி சறுக்கி இறங்க, பிரேக் தட்டு மண்ணில் புதைந்தது. அவன் கால் நான்கு அங்குலம் தள்ளியிருந்தது, அவ்வளவுதான். நெடுநேரம் இருவரும் பேசவில்லை.

"சார், அத்தனை அடி அடித்தும் அசையவில்லையே, ஏன்?" என்று பிறகு அவன் கேட்டான். நல்ல கேள்வி. முன் சக்கர இழுவையுள்ள கார்களில், எஞ்சினின் சுழற்சியைக் கொண்டுவரும் இரும்புத் தண்டு குடத்தின் துளையில் நுழைகிறது. தண்டின்மீது நீளவாட்டில் பல்வரிசை வெட்டப்பட்டிருக்கும். துளையிலும் அதற்கு இணையான பற்கள் உண்டு. இரண்டுக்கும் இடையே உள்ள நுண்ணிய இடைவெளியில் மழைநீர் புகுந்தால் துரு உண்டாகிறது. துருவானது தான் தின்ற இரும்பைப்போல் இரு மடங்குக்கும் மேற்பட்ட இடத்தை அடைத்துக்கொள்வது. காங்கிரீட் கூரையினுள் கம்பி துருப்பிடித்தால் பூச்சு வெடித்து விழுவது இதனால்தான். வெடிக்க வழியற்ற துளைக்குள்ளே அதே துரு ஆப்பு வைத்தாற்போல் இறுகிவிடுகிறது.

சம்மட்டி அடி ஒரு கணத்தில் வந்து மறைவது. துருவைப் பெயர்ப்பதற்குமுன் அது வேறு பொருள்களைக் கெடுத்துவிடும். தண்டின் முனையில் அடித்தால் மரை நசுங்கும். பிறகு நட்டு ஏறாது. தண்டையே மாற்ற நேர்ந்தால், வாடகை வண்டியை நம்பிய குடும்பத்துக்கு அது சிறு செலவன்று.

ஒன்றினுள் ஒன்றாகச் சிக்கிய எவர்சில்வர் டம்ளர்களை உங்கள் தாயார் எப்படிப் பிரிக்கிறார்? உள் டம்ளரில் குளிர்ந்த நீரை ஊற்றி, வெளி டம்ளரை வெந்நீரில் வைக்கிறார். வெளியே இருப்பது விரிகிறது. உள்ளே இருப்பது சுருங்குகிறது. அந்த வழி இங்கும் பொருந்துமா? 25 மில்லிமீட்டர் துளையுள்ள எஃகுக் குடத்தின் வெப்பத்தை 100 டிகிரி செல்சியஸ் உயர்த்தினால், துளை 0.03 மில்லிமீட்டர் விரியும். தலைமயிரின் பருமனில் பாதிகூட இல்லை எனினும், துருவின் பிடி தளர அது பெரும்பாலும் போதும். ஆனால் அருகிலேயே ரப்பர் உறையும் கிரீஸும் பிரேக் எண்ணெய்க் குழாயும் இருக்கின்றன. வீட்டு முற்றத்தில் அங்கே தீயைக் காட்டுவதை நான் ஒப்பவில்லை.

வேலையை முதலிலிருந்து தொடங்கினோம். வண்டியைச் சிமெண்டுத் தரைக்குத் தள்ளிச் சென்று, கைப்பிரேக்கை இழுத்து, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தோம். ஜாக்கியால் தூக்கியபின் வண்டியின் பாரத்தை இரும்பு முக்காலிகளின்மேல் இறக்கினோம். பிரேக் பிடிப்பானைக் கழற்றி, அதன் குழாயில் பாரம் விழாதபடி கம்பியால் உயரக் கட்டினோம். பல்வரிசையில் ஊடுருவும் எண்ணெயைவிட்டு இரவு முழுதும் ஊறவிட்டோம். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல், நீர்த்த எண்ணெய் நுண்துளைக் கவர்ச்சியால் இடுக்கினுள் தானே செல்லும். நாம் செய்யவேண்டுவது காத்திருப்பது ஒன்றே. பையனுக்கு அதுதான் கடினமாயிருந்தது!

காலையில் 'புல்லர்' என்னும் கருவியை இரவல் வாங்கி வந்தோம். அதன் கால்களைக் குடத்தின் விளிம்போடு பிணைத்து, நடுத் திருகைத் தண்டின் முனையில் முட்டவைக்க வேண்டும். 30 சென்டிமீட்டர் ஸ்பானரால் ஒரு சுற்றுச் சுற்றினால் கை ஏறத்தாழ 1,885 மில்லிமீட்டர் நகர்கிறது. 2 மில்லிமீட்டர் இடைமரையுள்ள திருகோ 2 மில்லிமீட்டரே முன்னேறுகிறது. கணக்குப்படி விசை 900 மடங்குக்கும் மேல் பெருக வேண்டும். உராய்வு அதில் பெரும்பகுதியை விழுங்கினாலும் எஞ்சுவது டன் கணக்கில் இருக்கும். ஆதலால்தான் நட்டை முற்றும் கழற்றாமல், தண்டின் முனைக்குச் சமமாக நிறுத்திவைத்தோம். குடம் திடீரென விடுபட்டால் புல்லரோடு பாய்ந்துவிடாமல் நட்டு தடுக்கும், மரைக்கும் காப்பாகும். திருகுக்கு நேரே முகத்தை வைக்காமல் ஒதுங்கி நிற்பதும் அவசியம்.

கால் சுற்று முறுக்கிச் சற்றுப் பொறுத்தோம். மீண்டும் கால் சுற்று. நான்காம் முறை 'டக்' என்றொரு ஓசை. காப்பித்தூள் போன்ற துரு உதிர்ந்தது, தண்டு பின்வாங்கியது.

குடத்தைப் பேரிங்கிலிருந்து பிரிப்பதை மட்டும் வீட்டில் முயலவில்லை. அச்சு இயந்திரம்போல் நேராக அழுத்தும் பிரஸ் இருக்கும் பட்டறையில் அதைச் செய்து, புதிய பேரிங்கையும் அழுத்தி வாங்கினோம். பழையது குடத்தைப் பிரிக்கும்போதே கெட்டுவிடுவதால் மறுபடி உதவாது. பல்வரிசையைக் கம்பித் தூரிகையால் துலக்கி, மெல்லிய கிரீஸ் பூசி, புதிய நட்டைப் போட்டோம். அதைக் கடைசியாக இறுக்கியது சக்கரம் தரையைத் தொட்டபின்னரே, அளவுகாட்டும் ஸ்பானரால்.

திங்களன்று விடியுமுன் கார் அத்திப்பள்ளியைத் தாண்டிச் சென்றது. ஊளைச் சத்தம் இல்லை என்று தந்தை தொலைபேசியில் சொன்னார். பையன் அப்போதுதான் உறங்கப் போனானாம்.