தலைவி ஆகப் போகிறவர் என்ன படிக்கலாம்?



ஊக்குநரையும் பிரதிநிதிகளையும் சுழற்சி முறையில் மாற்ற வேண்டும் என்று நாம் எல்லோரும் தீர்மானம் போடுகிறோம். ஆனால் "அடுத்தது யாரு?" என்று கேட்டதும் கூட்டமே தரையைப் பார்க்கிறது. "எனக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும்." "அக்காவே இருக்கட்டும், அவங்கதான் பத்தாவது படிச்சவங்க." "நமக்கெதுக்கு வம்பு, கையெழுத்து கேட்டா போட்டுட்டுப் போவோம்." இப்படிச் சொல்லியே பல குழுக்களில் பத்து வருடம், பதினைந்து வருடம் ஒருவரே பொறுப்பில் இருக்கிறார். அவர் நல்லவராக இருந்தாலும் பாரம் முழுவதும் அவர் தலையில். அவர் ஊரை விட்டுப் போனாலோ, உடம்புக்கு முடியாமல் படுத்தாலோ குழுவே நின்றுவிடுகிறது.

அப்படியானால் தலைமைக்கு எவ்வளவு படிப்பு வேண்டும்? புதிதாகப் பொறுப்புக்கு வரும் தங்கச்சி எதை முதலில் வாசிக்க வேண்டும்? யாருடைய வாழ்க்கையைப் பார்த்துத் தைரியம் பெறலாம்? இந்த இதழில் இதைப் பற்றிப் பேசுவோம்.

பள்ளிப் படிப்பு மட்டுமே தலைமை இல்லை

மதுரை பக்கம் புல்லுச்சேரி சின்னப்பிள்ளை அம்மாவை நம்மில் பலருக்குத் தெரியும். பள்ளிக்கூடம் போகாதவர். வயலில் கூலி வேலை செய்தவர். வேலைக்குப் போகும் பெண்களுக்குத் தலைமை தாங்கி, நிலக்காரர்களிடம் கூலி பேசியவர். பிறகு களஞ்சியம் இயக்கத்தில் சேர்ந்து பல்லாயிரம் பெண்களுக்குத் தலைவியாக உயர்ந்தார். 2001-ல் டெல்லியில் ஸ்த்ரீ சக்தி விருது கொடுத்தபோது அன்றைய பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019-ல் பத்மஸ்ரீ விருதும் வந்தது.

"பாத்தீங்களா, படிக்காமலே பெரிய ஆளா வந்துட்டாங்க, அப்புறம் நமக்கு எதுக்குப் படிப்பு?" என்று சிலர் கேட்கலாம். "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்ற பழமொழியும் இருக்கிறது. நியாயமான கேள்விதான். சின்னப்பிள்ளை அம்மாவிடம் இருந்து நாம் கற்க வேண்டியது, மற்றவர்களுக்காகப் பேசும் துணிச்சல். அதைப் புத்தகம் கொடுக்காது. ஆனால் ஒருவர் மனதில் மட்டும் இருக்கும் கணக்கு அவரோடு போய்விடும். எழுதி வைத்து, எல்லோருக்கும் வாசித்துக் காட்டிய கணக்கு குழுவோடு நிற்கும். அதற்காகத்தான் வாசிப்பு.

குஜராத்தில் நடந்ததைக் கேளுங்கள். அகமதாபாத்தில் இளா பட் அம்மையார் 1972-ல் சேவா என்ற சங்கத்தைத் தொடங்கினார். காய்கறி விற்பவர், மூட்டை சுமப்பவர், துணி தைப்பவர் என்று உழைக்கும் பெண்கள் அதில் சேர்ந்தார்கள். தங்களுக்கென்று ஒரு வங்கி வேண்டும் என்று முடிவு செய்து, சுமார் 4,000 பெண்கள் ஆளுக்கு 10 ரூபாய் பங்குத்தொகை போட்டார்கள். வங்கியைப் பதிவு செய்யப் போனபோது, எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் எப்படி வங்கி நடத்துவார்கள் என்று அதிகாரிகள் தயங்கினார்கள். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட வேண்டிய பெண்கள் ராத்திரி முழுக்கத் தூங்காமல் உட்கார்ந்து தங்கள் பெயரை எழுதப் பழகினார்கள். 1974-ல் சேவா வங்கி பிறந்தது. அவர்களைத் தூங்கவிடாமல் எழுத வைத்தது பரீட்சை இல்லை. தங்கள் பணத்தைத் தாங்களே ஆள வேண்டும் என்ற வைராக்கியம்.

முதல் புத்தகம் குழுவின் பெட்டியிலேயே இருக்கிறது

புதிய தலைவி முதலில் வாசிக்க வேண்டியது கடையில் வாங்கும் புத்தகம் இல்லை. குழுவின் தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், சேமிப்பு மற்றும் கடன் பேரேடு, வங்கி பாஸ்புக், உறுப்பினர்களின் தனிப் பாஸ்புக். இவை நம் உழைப்பில் எழுதிய புத்தகங்கள்.

பொறுப்பு ஏற்கும் முன்பு கடைசி இரண்டு வருடத் தீர்மானங்களை ஒரு தடவை வாசியுங்கள். என்ன முடிவு எடுத்தோம்? அதில் எது நடந்தது, எது நடக்கவில்லை? கடன் யாருக்கு அடிக்கடி போயிருக்கிறது, யாருக்கு ஒரு தடவைகூடப் போகவில்லை? இந்த மூன்று கேள்விக்கும் பதில் தெரிந்தாலே பாதித் தலைமை வந்துவிடும்.

ஒரு சின்னக் கணக்கு பார்ப்போம். குழுவில் 15 பேர், ஆளுக்கு மாதம் 200 ரூபாய் சேமிப்பு என்றால் மாதம் 3,000, வருடம் 36,000 ரூபாய். வங்கி பாஸ்புக்கில் அவ்வளவு இல்லையே என்று பதறக் கூடாது. மீதி உள்கடனாக வெளியில் இருக்கலாம். கையிருப்பு, வங்கி இருப்பு, உறுப்பினர்களிடம் நிற்கும் கடன் மூன்றையும் சேர்க்க வேண்டும். இன்னொரு பக்கம் சேமிப்பு, வட்டி, பிற வரவு எல்லாம் கூட்டி, வங்கிக் கடனில் நிற்கும் பாக்கியும் சேர்த்து, செலவைக் கழிக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒத்துப் போனால் சரி. ஒத்துப் போகாவிட்டால் கூட்டத்தில் கேட்க வேண்டும். கேட்பது சந்தேகப்படுவது ஆகாது. கணக்கு எழுதும் அக்காவுக்கும் அதுதான் பாதுகாப்பு. குழுக்கள் உடைவது பெரும்பாலும் பணம் போனதால் மட்டும் இல்லை. கணக்கு தெரியாத இடத்தில் புறணி பேச்சு புகுந்துவிடுவதால்தான்.

தைரியம் தரும் பெண்களின் வாழ்க்கை

கணக்கு தெரிந்தால் மட்டும் போதுமா? கணவர் திட்டினால், ஊர் பேசினால், அதிகாரி உட்காரச் சொல்லாமல் நிற்க வைத்தால் மனசு தளர்கிறது. அந்த நேரத்தில் நமக்கு முன்னே நடந்தவர்களின் கதை கைகொடுக்கும்.

ஊர்ப் பேச்சுக்குப் பயப்படுகிறவர்கள் சாவித்திரிபாய் புலே வாழ்க்கையைப் படியுங்கள். 1831-ல் மகாராஷ்டிராவில் பிறந்தவர். கணவர் ஜோதிராவ் புலேயிடம் எழுதப் படிக்கக் கற்று, 1848-ல் புனேயில் இருவரும் சேர்ந்து பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார்கள். பாடம் சொல்லப் போகும் வழியில் அவர் மீது சாணியும் சேறும் எறிந்தார்கள். அவர் பையில் மாற்றுச் சேலை ஒன்று வைத்துக்கொண்டு போனார். போவதை மட்டும் நிறுத்தவில்லை. 1897-ல் பிளேக் நோயாளிகளைக் கவனித்தபோது அதே நோய் தொற்றி இறந்தார்.

சபையில் பேசக் கூச்சப்படுகிறவர்கள் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றிப் படியுங்கள். 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். ஆண்கள் படித்த கல்லூரியில் எதிர்ப்புக்கு நடுவே சேர்ந்து, 1912-ல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1927-ல் சென்னை சட்டசபையின் துணைத் தலைவர் ஆனார். கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க அங்கே வாதாடினார். அடையாறு அவ்வை இல்லமும் புற்றுநோய் மருத்துவமனையும் அவர் தொடங்கியவை.

கூலி வேலை செய்யும் சகோதரிகள் விரும்பிப் படிப்பது மணலூர் மணியம்மாள் கதையாக இருக்கும். சிறு வயதில் கல்யாணம், இளம் வயதில் விதவைக் கோலம். ஆனாலும் மூலையில் உட்காரவில்லை. தலைமுடியை வெட்டி, வேட்டி சட்டை போட்டு, சிலம்பமும் சைக்கிளும் பழகி, தஞ்சை வட்டாரத்தில் பண்ணையாட்களைச் சங்கமாகத் திரட்டினார். எழுத்தாளர் ராஜம் கிருஷ்ணன் அவர் வாழ்க்கையை 'பாதையில் பதிந்த அடிகள்' என்ற நாவலாக எழுதியிருக்கிறார். அதே எழுத்தாளரின் 'கரிப்பு மணிகள்' தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களின் பாட்டைச் சொல்கிறது.

நிலம் பற்றி நினைப்பவர்களுக்குக் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் அம்மா இருக்கிறார். 1968-ல் கீழவெண்மணியில் 44 பேர் தீயில் மாண்ட பிறகு கணவரோடு அந்தப் பகுதிக்கே போய் வேலை செய்தார். 1981-ல் லாஃப்டி அமைப்பைத் தொடங்கி, நிலம் இல்லாத குடும்பங்களுக்கு நிலம் வாங்கிக் கொடுத்து, பத்திரத்தைப் பெண்கள் பெயரில் எழுத வைத்தார். அவர்கள் இருவரின் வாழ்க்கை 'சுதந்திரத்தின் நிறம்' என்ற நூலாகத் தமிழில் வந்திருக்கிறது.

"எங்க வீட்டுல வாசல் தாண்ட விட மாட்டாங்க" என்கிறவர்களுக்கு எழுத்தாளர் சல்மாவின் வாழ்க்கை. திருச்சி மாவட்டம் துவரங்குறிச்சியில் வயதுக்கு வந்ததும் பள்ளியை விட்டு நிறுத்தப்பட்டவர். மளிகைச் சாமான் மடித்து வந்த காகிதத்தைக்கூட விடாமல் படித்தார். யாருக்கும் தெரியாமல் எழுதினார். 2001 உள்ளாட்சித் தேர்தலில் அந்த இடம் பெண்களுக்கு ஒதுக்கப்பட, பொன்னம்பட்டி பேரூராட்சித் தலைவர் ஆனார். 2025-ல் மாநிலங்களவைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். இடஒதுக்கீடு கதவைத் திறந்தது. உள்ளே போய்ப் பேசும் தெம்பை அத்தனை வருட வாசிப்பு கொடுத்தது.

கையெழுத்துக்கு முன்னால் ஒரு வாசிப்பு

தலைவி தவறாமல் வாசிக்க வேண்டிய இன்னொன்று, நாம் கையெழுத்துப் போடும் காகிதம். "எல்லாரும் போட்டாச்சு, நீயும் போடு" என்று நீட்டும்போது "வாசிச்சுச் சொல்லுங்க, அப்புறம் போடுறோம்" என்று சொல்லும் முதல் ஆள் நம் தலைவியாக இருக்க வேண்டும்.

2022-ல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிகளின்படி, நுண்கடன் கொடுக்கும் நிறுவனங்கள் கடன் விவரத்தைக் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் எழுதித் தர வேண்டும். அதில் மூன்றைத் தேடுங்கள். வட்டியும் மற்ற கட்டணங்களும் சேர்த்து வருடத்துக்கு எத்தனை சதவீதம்? மொத்தம் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும்? தவணை தவறினால் என்ன அபராதம்? இதை வாசிக்காமல் போட்ட ஒரு கையெழுத்து பல குடும்பங்களில் தாலியையும் ஆட்டையும் விற்க வைத்திருக்கிறது. இதில் தலைவிக்குப் பொறுப்பு அதிகம். ஏனென்றால் அவர் போட்ட பிறகுதான் மற்றவர்கள் போடுகிறார்கள்.

புத்தகம் எங்கே கிடைக்கும்?

"புத்தகம் வாங்கக் காசு ஏது?" என்று நினைக்க வேண்டாம். வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 காசு நாம் நூலகத்துக்காகவே கட்டுகிறோம். 1948-ல் சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டத்தின் பலன் இது. அதனால் கிளை நூலகமோ ஊர்ப்புற நூலகமோ நம் பணத்திலும் நடப்பதுதான். தயங்காமல் உள்ளே போங்கள், உறுப்பினர் ஆகுங்கள். நாம் கேட்கும் புத்தகம் இல்லை என்றால் எழுதிக் கொடுங்கள். நூலகம் பூட்டிக் கிடந்தால், அதைத் திறக்கச் சொல்லிக் கிராம சபையில் பேசுவதே புதிய தலைவியின் முதல் வேலையாக இருக்கட்டும்.

ராஜம் கிருஷ்ணனின் நூல்கள் 2009-ல் நாட்டுடைமை ஆக்கப்பட்டன. செல்போனில் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் தேடி எடுத்து வாசித்துக் காட்டச் சொல்லலாம்.

ஒருவர் வாசிக்க, எல்லோரும் கேட்க

கடைசியாக ஒரு முக்கியமான விஷயம். படித்த ஒருவர் தெரிந்ததைத் தன்னிடமே வைத்துக்கொண்டால், பழைய பூட்டுக்குப் பதில் புதுப் பூட்டு போட்ட மாதிரிதான். தலைவிக்கு அழகு, வாசித்ததை மற்றவர்களுக்கு வாசித்துச் சொல்வது.

1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது இதைத்தான் செய்தார்கள். மரத்தடியிலும் தெருவிளக்கிலும் உட்கார்ந்து, எழுத்துத் தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுத்தார். ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் பழகினார்கள். கல்லுடைத்த பெண்கள் குழுவாகச் சேர்ந்து குவாரியைக் குத்தகைக்கு எடுத்து நடத்தினார்கள். வாசிப்பு பலர் கைக்குப் போனபோது வேலையும் பலர் கைக்கு வந்தது.

நாமும் அடுத்த கூட்டத்தில் இருந்தே தொடங்கலாம்:

• சேமிப்பு வாங்கி முடித்ததும் கால் மணி நேரம் வாசிப்புக்கு ஒதுக்குவோம்.

• போன கூட்டத்துத் தீர்மானத்தை ஒருவர் சத்தமாக வாசிக்கட்டும். மாதம் ஒருவராக மாறட்டும். எழுத்துக்கூட்டி வாசித்தாலும் யாரும் சிரிக்கக் கூடாது, குறுக்கே பிடுங்கி வாசிக்கவும் கூடாது.

• அடுத்து ஒரு பெண்ணின் வாழ்க்கையில் இருந்து இரண்டு பக்கம். முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி: "அவங்க இடத்துல நாம இருந்தா என்ன செஞ்சிருப்போம்?"

• வாசிக்கத் தெரியாதவர் கேட்டதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்லட்டும். அவர் சொல்வது பல நேரம் புத்தகத்தைவிட நன்றாக இருக்கும்.

ஒரு வருடம் இப்படி நடந்தால் 15 பேர் குழுவில் நாலைந்து பேராவது கணக்கை வாசிப்பார்கள், வங்கியில் பேசுவார்கள். அப்போது "அடுத்த ஊக்குநர் யாரு?" என்று கேட்டால் தரையைப் பார்க்க வேண்டிய அவசியம் இருக்காது. பல வருடம் பாரம் சுமந்த அக்காவும் நிம்மதியாக ஒரு உறுப்பினராக உட்காரலாம்.

உங்கள் குழுவில் எதை வாசித்தீர்கள், என்ன பேசினீர்கள் என்று கூட்டமைப்புக்கு எழுதி அனுப்புங்கள். எழுத வராதவர்கள் சொல்லி எழுத வையுங்கள். வாசிப்போம், வாசித்துச் சொல்வோம்!